மூட்டைக்கு முன்னால் பாடம்

நெல் ஏற்றிக்கொண்டு புதுவயலுக்கு வருகிற லாரி டிரைவர்கள் போலீசுக்குப் பயந்ததில்லை, எங்கள் முதலாளிக்கும் பயந்ததில்லை. வாத்தியாருக்கு மட்டும்தான் பயந்தார்கள். வாத்தியார் எங்கள் அரிசி மில்லில் மூட்டை இறக்குகிறவர். பீகாரிலிருந்து வந்தவர். தமிழில் நாலைந்து வார்த்தை பேசுவார்; ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் நாலாம் வகுப்பு படித்த அவர் மகள் பிங்கி. அரையாண்டு லீவு முடிந்ததும் தமிழ் வாசித்துக் காட்டாவிட்டால் இரண்டாம் வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பொடிப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பிங்கி ஒரே பிடிவாதம். அவள் வாசிப்பதைக் கேட்டுத் திருத்த வீட்டில் ஆள் ஏது? வாத்தியார், மில்லில் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார்; மறுநாளே மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"முதல்ல பாடம். அப்புறம் மூட்டை."

"இது மில்லா, பள்ளிக்கூடமாய்யா?" என்று டிரைவர்கள் எடைமேடையில் இருந்த என்னிடம் பாய்ந்தார்கள். வாத்தியார் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கூட இருக்கிற ஆட்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் என்ன, மன்னார்குடி டிரைவர் ஸ்டியரிங்கில் புத்தகத்தை விரித்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்துவார்: "பாப்பா, அந்த வரிய இன்னொருவாட்டி படி!" சீக்கிரமே பாடம் பூராவும் அவருக்கும் மனப்பாடம். பக்கத்தில் நிற்கிற வாத்தியாருக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்றே ஒன்று: வாசிப்பு நின்றால் தப்பு.

லீவு முடிந்த அன்று, லோடு இறக்காத மன்னார்குடி லாரியிலேயே பள்ளிக்கூடம் போனோம். அரைகுறை இந்தி தெரியும் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பிங்கி புத்தகத்தைப் பிரித்தாள். உதடு நடுங்கியதே தவிர வார்த்தை வரவில்லை. இவ்வளவு அமைதியில் அவள் தமிழ் வாசித்ததே கிடையாது.

வாத்தியார் வாசலுக்கு ஓடினார். "அண்ணா! வண்டி ஸ்டார்ட்!"

எஞ்சின் உறுமியது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பிங்கி நிமிர்ந்தாள். தொண்டை கிழிய வாசித்தாள் பாருங்கள், பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

"போதும் ஆத்தா, போதும்! நாலாப்புலயே இரு," என்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். "சார், மொதல்ல அந்த லாரிய நிப்பாட்டச் சொல்றீகளா!"

வெளியே வந்ததும் வாத்தியாரைக் கேட்டேன். "என்ன வாசிச்சுச்சுன்னு வெளங்குச்சா?"

"வெளங்கலே சார்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நிக்கலே."

அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. மில்லுக்குத் திரும்பியதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நானும் நாலு மூட்டை இறக்கினேன்.