பஸ்ஸில் நிரப்பிய படிவம்

பார்க்காததைப் பார்த்ததாக எழுதச் சொல்லி அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அதை நான் சொந்த முயற்சியில் செய்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி வளர்ந்த புறம்போக்கைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவிக்கலாமா என்று ஓர் அரசு அலுவலகம் ஆராய்ந்தது. தற்காலிகக் களப்பணியாளனான நான் நேரில் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். தண்டையார்பேட்டையில் பஸ் ஏறியவன், இறங்குவதற்குள் முக்கால்வாசி நிரப்பிவிட்டேன் (ஜன்னலோர சீட்டு கிடைத்த திமிர்). 'மனித நடமாட்டம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதினேன். 'இல்லை' என்றால், நாளைக்கு வேலி போட்ட பிறகு உள்ளே இறங்க யாருக்கும் உரிமை கிடையாது. அது தெரிந்தேதான் எழுதினேன்.

மீதி இருந்தது ஒரு புகைப்படம். புது ஷூவோடு சேற்றில் இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடியில் இடுப்புவரை போய்விட்டேன்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கூச்சத்தோடு கூப்பிட்டேன். செடி மறைவிலிருந்து ஓர் அம்மாள் நிமிர்ந்தார். இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் கன்னியம்மா. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனா, இங்க வந்து நின்னுகினு கீற? ஆடாத. ஆடுனா இன்னும் உள்ள பூடுவ."

நான்கு பேர் இழுத்தார்கள். நான் வந்தேன், ஷூ வரவில்லை.

படிவத்தை அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தினால் காரணம் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'சேற்றில் புதைந்தபோது மனிதர்கள் இருப்பது தெரியவந்தது' என்று எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. அப்படியே நீட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் கருத்துக் கேட்கும் கூட்டம். அதிகாரி உரக்க வாசித்தார். "மனித நடமாட்டம், இல்லை."

கன்னியம்மா எழுந்து என்னையே பார்த்தார். "அப்போ அன்னிக்கு உன்ன தூக்கி வெளிய போட்டது யாரு நைனா, கொக்கா?"

பந்தலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வேலி போட்டா நாங்க எங்க போயி எறங்குறது? எங்க கைல ஒரு வார்த்த கேட்டியா?"

தப்பு என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் அதிகாரியிடம் சொன்னது, "சார், அது படிவத்துல வேற கட்டத்துல வரும்." அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறு ஆய்வுக்கு என்னையே அனுப்பினார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்து, செருப்பில்லாமல் சேற்றில் நின்று, கன்னியம்மா சொல்லச் சொல்ல, அங்கே இறால் பிடிக்க இறங்குகிறவர்களை ஒவ்வொரு பெயராக எழுதினேன். அவர் ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இதை வீட்டில் சொன்னது அடுத்த தப்பு. டப்பாவில் பருப்பு இல்லை என்று நான் சொன்னால் போதும், மகள் கேட்பாள்: "கைய விட்டுத் துழாவிப் பாத்தீங்களாப்பா, இல்ல பஸ்ல உக்காந்து சொல்றீங்களா?"

துழாவுவேன். பெரும்பாலும் இருக்கும்.