கன்மேன் போட்ட கொள்ளைத் திட்டம்

பூதலூரில் நான் கேஷியராக இருந்த வங்கிக் கிளையைக் கொள்ளையடிக்கப் பக்காவாகத் திட்டம் வைத்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அந்தக் கிளைக்குக் காவல் இருந்தவரும் அவரேதான்.

எல்லோருக்கும் அவர் கன்மேன். ஐம்பது வயது, முறுக்கிய மீசை, அவரைவிட மூத்த ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் குண்டு இருந்ததோ இல்லையோ, அவருடைய சாப்பாட்டுப் பை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். வேலை நேரம் முழுக்க அவருக்கு ஒரே கவலை: இங்கே கொள்ளையடித்தவன் எப்படித் தப்பிப்பான்?

நகைக்கடனுக்கு வந்த விவசாயி ஒருவரை ஒருநாள் பிடித்துக்கொண்டார். "நீங்க கொள்ளைக்காரன்னு வச்சிக்குங்க. போலீஸ் தொரத்துது. எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

விவசாயி பதறிவிட்டார். "எந்தப் பக்கம் வேணாலும் ஓடுங்க. எங்க வயல்ல மட்டும் எறங்கிடாதீங்க. நேத்துதான் நடவு முடிஞ்சிருக்கு. வரப்பு மேலயே போயிருங்க."

கன்மேன் அதைப் பொறுப்பாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை மொபெட்டில் ஏற்றி, அவர் மடியில் ஓர் அரிசி மூட்டையையும் வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நாகப்பட்டினம் ரோட்டில் விரட்டுவார். எதற்கு என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும் தம்பி? சினிமாவுக்குன்னா பெட்ரோல் இல்லம்பாரு. மூட்டையத் தூக்கிகிட்டுச் சுத்தணும்னா மட்டும் டேங்க் ரொம்பிரும்" என்றார்.

ஒருநாள் மதியம் அந்த நோட்டை என் கவுண்டரில் மறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். சும்மா புரட்டினேன். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. மேனேஜர் டீ குடிக்கப் போகும் நேரம். உள்ளே கேஷியர் மட்டும். கன்மேன் நம்ம ஆள்.'

எனக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டும் தைரியம்கூட இல்லை. மேனேஜர் மேடத்திடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் பீரோவுக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"கதைங்க சார், கதை! பேங்க்கக் கொள்ளையடிச்சிட்டு ஓடுறவங்க கதை. வாரப் பத்திரிகைக்கு எழுதுறேன்" என்று கன்மேன் கும்பிட்டார். இந்த வேலை போனால் துப்பாக்கி லைசென்ஸும் போகும். லைசென்ஸ் இல்லாதவரை வேறெந்த வங்கியும் வாசலில் நிறுத்தாது. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கொள்ளையர் மூன்று பேர் காரில் பறக்கிறார்கள். வழியில் ரோட்டில் குறுவை நெல் காய்கிறது. டிரைவர் பிரேக் போட்டு, 'நெல்லு மேல எப்படிண்ணே வண்டிய ஏத்துறது?' என்று இறங்கி, ஒதுக்கிவிட்டு வருகிறான். போலீஸ் நெருங்குகிறது. அடுத்து நீடாமங்கலம் ரயில்வே கேட். மூடியிருக்கிறது.

"என்னய்யா இது? ரெண்டு அத்தியாயமா மூணு பேரும் கேட்லயே நிக்கிறானுவ?"

"பணமூட்டைக்குப் பதிலா அரிசி மூட்டைய வச்சுகிட்டு அஞ்சு தடவை போய்ப் பாத்தேன் சார். அஞ்சு தடவையும் மூடித்தான் இருந்துச்சு. பொய் எழுத மனசு வரல."

இன்ஸ்பெக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மேடம், இவரு திட்டத்த நம்பி எவனாவது கொள்ளையடிச்சா, நான் நடந்தே போய்ப் புடிச்சிருவேன்" என்றார். மேடம் முகத்திலும் சிரிப்பு வந்தது. கன்மேன் வேலை தப்பியது.

எழுந்த இன்ஸ்பெக்டர், "இது யாரு, இந்த கேஷியரு?" என்று ஒரு பக்கத்தைப் படித்தார். கொள்ளையர் தலைவன் கத்தியை நீட்டிக்கொண்டு சொல்கிறான்: 'டேய், அந்தத் தம்பியக் கட்டிப்போடாதீங்கடா. இடுப்பு வலிக்காரன். நல்ல நாற்காலியாப் பாத்து உக்கார வச்சு, குடிக்கத் தண்ணி குடுங்க.'

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இடுப்பு வலிக்கு நான் கட்டியிருந்த பட்டை சட்டைக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கத்தை அதன்பிறகு நான் பட்டதில்லை.

சாயங்காலம் வாசலில் அவரிடம் போய், "அண்ணே, நோட்ட எடுத்துக் குடுத்தது நான்தான். படிச்சதும் பயந்துட்டேன்" என்றேன். திட்டுவார், குறைந்தது முகத்தையாவது திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"நிசமாவே பயந்தீங்களா தம்பி?" மீசை துடித்தது. துப்பாக்கியை ஓரமாகச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்த எடத்துல?"

"மொதப் பக்கத்துலயே, அண்ணே."

பத்திரிகைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய கதை அது என்று அப்போதுதான் சொன்னார். அந்த மனிதர் அன்று வீட்டுக்குப் போகும்போது, பரிசு வாங்கியவர் மாதிரி எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு நான் எத்தனையோ கிரைம் கதைகள் படித்துவிட்டேன். எதிலும் யாரும் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கவில்லை.