மூன்று துளை போட்ட கணினி

மாற்றுப் பாகம் பொருத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, ஏற்கப்பட்டதாகக் கையொப்பம் இடப்படும்வரை பழைய பாகத்தை அழிக்கக் கூடாது. அரசாங்கக் கிடங்கு ஒன்றில் அதிகாரியாக இருந்த காலத்தில் இந்த விதியை எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். மீறியவர்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதமும் அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, என் தங்கை மகளின் திருமண வாரத்தில், அதே விதியை நானே மீறினேன். என்னிடம் விளக்கம் கேட்டு யாரும் கடிதம் அனுப்பவில்லை. (நேரிலேயே கேட்டார்கள். அது இன்னும் மோசம்.)

என் காருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தங்கை பத்மாவின் மகள் லோஷினி கார் ஓட்டப் பழகியது அதில்தான். பின்பக்க பம்பரில் இருக்கும் பள்ளம் அவள் கைவண்ணம். திருமணம் நிச்சயமானதும் தன் அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "கோயிலுக்கு மாமா கார்லதான் வருவேன். வேற கார் வந்தா ஏறமாட்டேன்."

தாய்மாமனுக்கு வேறென்ன வேண்டும்? பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அதற்கு முந்தைய திங்கட்கிழமை, கிள்ளானில் ஒரு சிக்னலில் நின்றிருந்தபோது கார் சத்தமில்லாமல் அணைந்தது. அரை மணி நேரம் கழித்துச் சமர்த்தாக ஓடியது. அடுத்த சிக்னலில் மறுபடி அணைந்தது. ஒரு வழியாகத் தேவனின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டு சேர்த்தேன். தேவன் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். காரைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய், தன் மனைவி தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்தார்.

முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியைக் கழற்றினார். அதன் பின்னால் சோற்று டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி. இன்ஜினை ஓடவிட்டு, அந்தப் பெட்டியின் மேல் சூடான காற்றை அடித்தார். நான்கு நிமிடத்தில் இன்ஜின் அணைந்தது.

"கம்பியூட்டர் போச்சு, அங்கிள்."

"இந்தக் காருக்குள்ள கம்பியூட்டரா?"

"இருக்கு லா. எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்ப நெருப்பு போடணும், எல்லாம் இவர்தான் பாஸ். வயசாயிடுச்சு. சூடானா மறந்துடறார்."

எனக்கு வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தக் காருக்கு நான்தான் பொறுப்பதிகாரி என்று நம்பியிருந்தேன். எனக்கு மேலே ஒருவர் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு துளி பெட்ரோலுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்! பெட்டியை ஆறவிட்டு இன்னொரு தடவை அணைத்துக் காட்டச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை.

"படம் முடிஞ்சிருச்சு, அங்கிள்" என்று தேவன் கருவியின் வயரைச் சுருட்டி வைத்தார்.

காப்பாரில், பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் பொத்தோங் கடைகளில் அதே எண்ணுள்ள கணினியைத் தேடுவதாகச் சொன்னார். நான் உடனே, காரை ஒர்க்‌ஷாப்பில் விடும் எவரும் சொல்வதைச் சொன்னேன்: "பழைய சாமான் என் கைக்கு வரணும்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா பத்திரம். வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டு வாங்க, எனக்கு அது வேணும்."

கெட்டுப்போன சாமான் இவருக்கு எதற்கு? என் கிடங்கு மூளை வேலை செய்தது. கழிக்கப்பட்ட சாமான் புதுப் பெயிண்டோடு முன்வாசல் வழியாகத் திரும்பி வந்ததை நான் பணியில் பார்த்திருக்கிறேன். இவர் இதை ஒட்டுப் போட்டு யாரோ ஓர் அப்பாவி தலையில் கட்டப்போகிறார் என்று தீர்மானித்தேன். எதற்கு வேண்டும் என்று கேட்கவில்லை. (கேட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை கிடைத்திருக்காது.)

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பச்சைத் தகட்டின் மேல் ஒரு சிறிய நகரமே இருந்தது. தெருக்கள், தண்ணீர்த் தொட்டிகள், கறுப்பு அடுக்குமாடிகள். இரண்டு தொட்டிகள் வெடித்து, பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன்.

"யாரு வீட்ல கருவாடு?" என்று கேட்டபடி அடுப்படியிலிருந்து வந்தாள் என் மனைவி சரோஜா. கசிந்த தொட்டிகளின் வாடை அது. அதுவும் எனக்குப் புதுச் செய்தி.

பார்த்து முடித்ததும், அரசாங்கத்தில் மலாயில் பெலுப்புசான் என்பார்களே, கழிவுப் பொருளை முறைப்படி அழிப்பது, அதைத் தொடங்கினேன். துரப்பணத்தை எடுத்து, பெரிய கறுப்புக் கட்டடங்களாகப் பார்த்து மூன்று துளை போட்டேன். படம் எடுத்தேன். அழிப்புச் சான்றிதழ் ஒன்று எழுதி, சாட்சியாகச் சரோஜாவிடம் கையெழுத்து கேட்டேன்.

"ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

வெள்ளிக்கிழமை தேவனிடம் மாற்றுக் கணினி தயாராக இருந்தது. தெலுக் பங்லிமா காராங்கிலுள்ள ஒரு கூட்டாளியிடமிருந்து ஏதோ இயந்திரமும் இரவல் வந்திருந்தது.

"பழசு எங்க, அங்கிள்?"

பெருமையோடு மேசையில் வைத்தேன். சான்றிதழையும் பக்கத்தில் வைத்தேன். தேவன் தகட்டைக் கையிலெடுத்து உயர்த்தினார். ஒரு துளை வழியாக அவருடைய கண் தெரிந்தது.

"யார் செஞ்சது?"

"நான்தான். இனிமே இத யாரும் விக்க முடியாது."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அங்கிள், உங்க சாவிக்குள்ள ஒரு ரகசிய நம்பர் இருக்கு. அந்த நம்பர் பழைய பெட்டிக்குத் தெரியும். அதுல இருந்து படிச்சு புதுசுக்கு எழுதணும். அதுக்குத்தான் இந்த மிஷின், இன்னைக்குத்தான் கிடைச்சுது. நீங்க நடு ஓட்டை போட்ட இடம் இருக்கு பாருங்க, நம்பர் அங்கதான் இருந்துச்சு."

"புதுசு தானா தெரிஞ்சுக்காதா?"

"உங்க சாவி அதுக்கு அந்நியன். திருடன்னு நெனைக்கும்." புதுப் பெட்டியை மாட்டிச் சாவியைத் திருகிக் காட்டினார். இன்ஜின் சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. "வேணும்னு சொன்னேனே, அங்கிள்."

"எதுக்குன்னு சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

அன்று மாலையே கார் நிறுவனத்துக்கு நான்கு பத்தியில் ஒரு கடிதம் எழுதினேன். சாவி எண்ணைப் பதிவு செய்யும் முறையை உடனடியாகத் தெரிவிக்கக் கோரியிருந்தேன். சனிக்கிழமை காலை அவர்களுடைய சேவை மையத்தில் நேரில் கொடுத்து, 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் வாங்கினேன். அந்த முத்திரையை ஆயிரக்கணக்கில் குத்தியவன் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எதுவும் நடக்காது என்று அர்த்தம்.

பத்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏண்ணே, மூணு ஓட்டையா? ஒண்ணு பத்தலையா?"

பிறகு லோஷினி போனை வாங்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்து முந்திக்கொண்டேன். "வேற கார் ஏற்பாடு பண்றேன்மா" என்றேன்.

"வேற கார்ல ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன், மாமா. மாப்பிள்ளை வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. அது ஓடுமான்னு நான் கேட்கல. வருமா, வராதா?"

தேவனிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். "வரும் லா. என் லோரியில வரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பழுதான கார்களை ஏற்றிச் செல்லும் அவருடைய லோரி பத்மா வீட்டு வாசலில் நின்றது. மேலே என் கார், பூச்சரமும் ரிப்பனுமாக. லோரியின் முன்னிருக்கையில் பட்டுப்புடவையோடு லோஷினி நடுவில். ஒரு பக்கம் சட்டை மடிப்புக் கலையாத தேவன், மறுபக்கம் மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான். ஏறுவதற்குப் பத்மா முக்காலி பிடித்தாள்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயிலை அடைந்தோம். கெட்டிமேளம் தயாராக இருந்தது. ஆனால் எங்களை முதலில் வரவேற்றவர், கற்பூரத் தட்டும் நான்கு எலுமிச்சம்பழமும் ஏந்தி ஓடி வந்த குருக்கள். பூவோடு லோரியில் வந்து இறங்கும் காரென்றால், கடையிலிருந்து நேராகப் பூஜைக்கு வரும் புதுக் கார்தானே?

"சக்கரம் இவ்வளவு உசரத்துல இருக்கே, பழத்த எங்க வைக்கறது?" என்று அண்ணாந்து பார்த்தார்.

"சாமி, புதுசு கார் இல்ல, பொண்ணு!" என்றார் தேவன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா காரைச் சுற்றி வந்து, பம்பர் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "டெலிவரியிலேயே இடிச்சிட்டாங்களா?" என்று என்னிடம் அனுதாபத்தோடு விசாரித்தார். லோஷினி சிரித்த சிரிப்பில் கண் மை கலைந்தது. திருமணப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான் இருக்கிறாள். நான் மட்டும் விளக்கக் கடிதம் எழுதுகிறவன் முகத்தோடு நிற்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, வெட்டப்பட்ட வேறொரு காரிலிருந்து கணினி, சாவியைச் சரிபார்க்கும் பெட்டி, அந்தக் காரின் சாவி மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தேவன் வாங்கி வந்து பொருத்தினார். கார் இன்றும் நன்றாக ஓடுகிறது. கதவைத் திறக்க என் பழைய சாவி, இன்ஜினுக்கு யாரோ ஒருவரின் சாவி. அவரும் சிக்னலில் நின்று தவித்தவராக இருப்பாரோ என்று சில சமயம் யோசிப்பேன். எங்கள் குடும்பத்தில் இப்போதெல்லாம் யாராவது எதையாவது குப்பையில் போடப் போனால், "மாமாகிட்ட சான்றிதழ் வாங்கிட்டியா?" என்று ஒரு குரல் வரும். புது மாப்பிள்ளைகூடக் கேட்கிறார்.

நிறுவனத்தின் பதிலும் வந்தது. தலைதீபாவளிக்கு வந்திருந்த லோஷினிதான் உறையைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாள். என் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தார்களாம். சாவி எண்ணைப் பதிவு செய்ய, பழைய கணினியை நல்ல நிலையில் எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டுமாம். படித்து முடிக்க அவளால் முடியவில்லை, மீதியை மாப்பிள்ளை படித்தார். நான் கடிதத்தை வாங்கி, பழக்க தோஷத்தில், மேல் மூலையில் பெற்ற நாளைக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன்: தீபாவளிக்கு முதல் நாள்.