பத்தரை மணிக் காற்று

ஸ்தனிஸ்லாஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பில். இரண்டு பலாப்பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி அசையாமல் கிடந்தது. "இன்னிக்கு ரேடான் நொம்பக் கூடுதலா இருக்குமுங்க" என்றார். அப்போது அவரிடம் கருவியும் இல்லை, வேலையும் இல்லை.

வேலை இருந்த காலத்தில் நாங்கள் இருவரும் ஏற்காட்டில் 'புறவெளிக் காற்று ஆய்வுத் துணை நிலையம்' என்ற இரண்டு அறைக் கட்டடத்தில் இருந்தோம். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்றொரு வாயு கசிகிறது. வெயில், மழை, பனிக்கு ஏற்ப வெளிக்காற்றில் அதன் அளவு எப்படி மாறுகிறது என்று கண்டறிய வேண்டும். இதன்பொருட்டு அரசு ஒரு கருவியையும், ஒரு அதிகாரியையும், ஒரு டைப்பிஸ்டையும், ஒரு தற்காலிக உதவியாளரையும் அனுமதித்திருந்தது. டைப்பிஸ்ட் நான். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகம் ஸ்தனிஸ்லாஸ்.

அதிகாரி வேலுசாமி சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பத்தரைக்கு அளவெடுத்துக் கையெழுத்திடுவார். மழை பெய்தால் கொண்டை ஊசி வளைவில் மண் சரியும் என்று வரமாட்டார். பனி இறங்கினால் டிரைவருக்கு ரோடு தெரியாது என்று வரமாட்டார். பலத்த காற்றென்றால் மரம் விழும். ஆக, நல்ல வெயில் நாட்களில் மட்டும் அளவெடுக்கப்பட்டது. கடைசி மூன்று ஆண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 'ரேடானை வானிலை எவ்வகையிலும் பாதிப்பதில்லை' என்று அறிக்கை போயிற்று. நான்தான் அடித்தேன்.

1984 அக்டோபரில் தலைமை அலுவலகம் பதில் எழுதியது. மாற்றம் இல்லையெனில் நிலையமும் தேவையில்லை. மார்ச்சுக்குள் மாற்றம் காட்டினால் நிலையம் நிரந்தரம், ஊழியரும் நிரந்தரம்.

மறுநாளிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் விடியற்காலை ஐந்து மணிக்கே கருவி முன்னால் நின்றார். மழையிலும் நின்றார். நாற்பத்திரண்டு அளவுகள் எடுத்து வேலுசாமியிடம் நீட்டினார்.

"சார், காத்தே இல்லாம பனி மூடிக் கெடக்கறப்ப, பகல்ல இருக்கறதுக்கு நாலு மடங்குங்க. வெயில் ஏறிக் காத்து வீசுச்சுன்னா கலைஞ்சு போயிருது. மண்ணு ஊறிக் கெடந்தா மேலயே வரமாட்டேங்குது."

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் உண்டா?"

"ரேடான் உண்டுங்க."

"அது வந்தாப் போதுமா? நான் வரவேண்டாமா? நான் இல்லாதப்ப எடுத்த அளவுல எப்படிப்பா கையெழுத்துப் போடறது?"

"ஒரு நாள் இங்கயே தங்கினீங்கன்னா, காலைல நீங்களே பாத்துக்கலாமுங்க."

"பனி எனக்கு ஆகாது."

"அப்ப என் வேலைங்க?"

வேலுசாமி கெட்டவர் அல்ல. ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தார்.

"அளவை அப்படியே வெச்சுக்க. நேரத்தை மட்டும் பத்தரைன்னு போட்டுரு. வானிலைக் கட்டத்துல 'தெளிவு'ன்னு போடு. தெளிவா இருந்தாத்தான நான் வருவேன்?"

"அப்புறம் எதனால மாறுச்சுன்னு தெரியாதுங்களே, சார்."

"மாறுச்சான்னுதானப்பா கேட்டிருக்காங்க."

ஸ்தனிஸ்லாஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

"மாறுச்சான்னுதான் கேட்டிருக்காங்க" என்றேன்.

பிப்ரவரியில் ஆணை வந்தது. 'ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே தெளிந்த வானிலையில் ஒரே வாயு இவ்வாறு ஏறி இறங்குவது இயற்கைக்கும் விதிகளுக்கும் முரணாதலால், கருவி பழுதுற்றதாகத் தீர்மானிக்கப்படுகிறது.' கருவி சேலத்துக்குப் போனது. பழுது எதுவும் அகப்படவில்லையாம். ஆனாலும் ஆணையை மதித்துச் சரிசெய்தார்கள். அதன் பிறகு அது எந்நேரமும் ஒரே அளவைக் காட்டியது.

நிலையம் மூடப்பட்டது. பழுதைக் காலத்தே வெளிக்கொணர்ந்தமைக்காக வேலுசாமிக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. எனக்குச் சேலத்துக்கு மாற்றல். தற்காலிகமானவருக்கு மாற்றல் கிடையாது.

ஜீப்பில் பார்த்த மறுவாரம் ஸ்தனிஸ்லாஸ் மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டு வரிகள், எல்லாவற்றிலும் நேரம் காலை பத்தரை. அடியில் எங்கள் மூன்று பேர் கையெழுத்து.