பாசி மாமாவின் பதினான்கு

மட்டாஞ்சேரியில் பாசி மாமா அளவுக்குப் பகை சம்பாதித்தவர் யாரும் கிடையாது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள், அவருடையதையும் சேர்த்து. அவர் சண்டை போடாதது ஒரே வீட்டோடு. அது பூட்டிக் கிடக்கிறது.

மிளகுக் கிடங்கில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் உள்ளங்கையில் தேய்த்து, மோந்து, "பொக்கு, உள்ளே ஒண்ணுமில்லை" என்று தள்ளிவிடுவது தொழில் கொடுத்த பழக்கம். மனிதர்களை மோக்காமலே தள்ளினார். கோயில் குளத்துச் செடிகளை மட்டும் தள்ளவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆம்பல், கொட்டி, ஆரை, நீர்ப்பிரம்மி, வேலம்பாசி என்று பிள்ளைகளைப் பந்திக்கு அழைப்பதுபோல் பேர் சொல்வார். யாராவது சோப்போடு இறங்கினால், அவர்கள் வீட்டு ரசத்தில் தன் வேட்டியை அலசப்போவதாக மிரட்டுவார்.

குளத்தில் பதினான்கு வகை என்பது அவர் கட்சி. படியில் நின்று எண்ணினால் பதினொன்றுதான். சொன்னேன்.

"பாக்கி மூணும் தண்ணிக்கு அடியிலாக்கும். எறங்கி எண்ணும் ஓய்."

எனக்கு மூட்டு வலி. இறங்கவில்லை. அதோடு பேச்சும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் யாரோ வீடு மாறும்போது மீன்தொட்டியைக் குளத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்த செடி அடுத்த மழைக்குப் பிறகு குளம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. தெருவே மயங்கிப் போனது. இடப்பள்ளியிலிருந்தெல்லாம் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்தார்கள். அம்பாளே பூச்சூடிக்கொண்டாள் என்றார் கோயில் கமிட்டிச் செயலாளர். கரையில் ஒரு சாயாக்கடையும் முளைத்தது.

பாசி மாமா ஒரு பூவைத் தேய்த்து மோந்தார். "பொக்கு. இது மூடினா அடியில வெயில் போகாது. பாக்கியெல்லாம் சாகும்."

தினமும் இறங்கி, துண்டு சிதறாமல் இழுத்துக் கரை சேர்த்தார். பூப்பறிக்க இறங்கியவர்கள் ஒடித்துத் தள்ளினார்கள். ஒடிந்த துண்டெல்லாம் தனிச் செடியாகும் இனம் அது.

ஒருநாள் ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே அவளுக்குப் பின்னாலிருந்த பூக்களைப் பிடுங்கிவிட்டார். செயலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "மாமா, ஊர்ல எல்லாருக்கும் இஷ்டப்பட்ட பூவு. உமக்கு மட்டும் என்ன கேடு?"

"உம்மைக் கிடங்குக்குக் கொண்டுவந்திருந்தா அரிச்சு வெளியே கொட்டியிருப்பேன்."

அடுத்த வாரம் குளத்து வாசலில் பூட்டு. சாவி கமிட்டியிடம். படம் எடுப்பவர்களுக்கு மட்டும் திறக்கும். அவருக்காகப் பேச ஒரு வீடும் இல்லை, இருந்தால்தான் அதிசயம்.

மறுவருடம் ஆம்பல் போனது, கொட்டி போனது, அடியில் எல்லாம் அழுகி நாறியது. ஜோடிகள் வேறு குளம் பார்த்துக்கொண்டார்கள். கமிட்டி குளத்தை வழித்தெடுத்து அடியில் சிமென்ட் பூசியது. இப்போது செடி வகை பூஜ்யம். எண்ணுவதற்குச் சிரமமே இல்லை.

மாமாவை மகன் காக்கநாட்டு அடுக்குமாடிக்கு அழைத்துப் போய்விட்டான். போன மாதம் வைட்டிலாவில் பஸ் மாறி, மூட்டு வலியைத் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. வாளி, பேசின், உடைந்த குக்கர், எல்லாவற்றிலும் தண்ணீர். பூட்டு விழுமுன் குளத்துச் செடிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு இங்கேயும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மருமகள் அவரோடு பேசுவதில்லை. அவருக்கு இப்போது கண்ணும் தெரிவதில்லை. விரலால் தடவித்தான் பேர் சொல்கிறார்.

"எண்ணும் ஓய்," என்றார். "இப்ப எறங்க வேண்டா."

இரண்டு முறை எண்ணினேன். கடைசி வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. பதிமூன்று.

"பதினாலு," என்றேன். "சரியாத்தான் இருக்கு."