கங்காணி யானை உங்கள் தோப்புக்குத்தான் வரும்

ராசிங்காபுரம்,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய தாய்மாமா சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் பிரேம்சிங் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அங்கே தேவாரம் ஊரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். நேற்று நீங்கள் அம்மாவிடம் போனில் பேசியது அடுப்படி தாண்டி மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்டதால், தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால்தான் இந்தக் காலத்தில் கடையில் போய்க் காகிதம் வாங்கி எழுத வேண்டியதாகிவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. விஷயம் இதுதான். என் வெப்காமிக்கின் கடைசி அத்தியாயம் நாளைக்கு வெளிவரும். அதில் யானை உங்கள் தென்னந்தோப்புக்குள் வரும். நீங்கள் சின்ராசு அண்ணன் ஜீப்பில் சொல்லியனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், அத்தனை எஸ்டேட் பெண்களையும் ஜீப்பில் உட்கார வைத்துவிட்டு எங்கள் வாசலில் இறங்கி, "ஏப்பா பிரேமு, தோப்புல ஆனை கால வச்சா ஒங்கால ஒடிப்பேன்னு ஒங்க மாமா சொல்லச் சொன்னாரு. எந்தக் காலுன்னு கேட்டேன், அத அன்னைக்கிப் பாத்துக்கிருவோம்னுட்டாரு" என்றார். பெண்கள் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். பரவாயில்லை. யானை வரும்.

இந்தக் காமிக் தொடங்கியதே உங்களால்தான். போன வருஷம் உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்பில், பந்தியில் அத்தனை பேருக்கும் நடுவில் நீங்கள் சொன்னீர்கள்: "இவன் எதையும் ஆரம்பிப்பான், எதையும் முடிக்கமாட்டான். ட்ரோன் செய்யப்போறேன்னான், ரெக்கை மட்டுந்தான் இருக்கு. கிட்டார் வாங்குனான், இப்ப அந்தப் பொட்டிக்குள்ள கோழி அடைகாக்குது." சாம்பார் ஊற்ற வந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கோழி விஷயம் உண்மையாக இருந்ததால் நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு இலையை மூடும்போதே முடிவு செய்தேன், ஒன்றைத் தொடங்கி முடித்துக் காட்டுவது என்று. எனக்கு ஓவியம் தெரியாது. நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, பார்ப்பது போடியில் நூர் முகம்மது பாய் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் மெஷினைப் பழுதுபார்க்கும் வேலை. அதனால் படம் தெரியாதவனும் அளவெடுத்து வரையலாம் என்று ஒரு பழைய டேப்லெட் வாங்கி உட்கார்ந்தேன். முதல் யானையைப் பார்த்துவிட்டு அம்மா, "எருமைக்கு எதுக்குடா தும்பிக்கை வச்சிருக்க?" என்றார்கள். இரண்டாவது யானையைப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு, பன்னிதான?" என்றார்கள். நான் விடவில்லை. முழங்கால் எங்கே மடங்குகிறது, காது எந்த அச்சில் ஆடுகிறது என்று மெஷினைப் பிரித்துப் பார்ப்பதுபோல் பிரித்துப் பிரித்து வரைந்து, ஒருவழியாக அது யானையாகிவிட்டது.

கதை உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் படிக்காமலே திட்டுகிறீர்கள். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி இருப்பார் அல்லவா, அதுபோல இந்த யானை ஒவ்வொரு வாரமும் மலையிலிருந்து இறங்கி ஒவ்வொரு தோட்டமாக மேற்பார்வை பார்க்கும். சோளத்தில் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னய்யா தண்ணி பாய்ச்சுறீங்க, சக்கையா இருக்கு" என்று விவசாயம் பார்க்கும் சம்சாரியை வையும். பலாவைத் தட்டிப் பார்த்து, "பழுக்கிறதுக்குள்ள என்னத்துக்கு வரச்சொன்னீங்க" என்று சலித்துக்கொள்ளும். அதனால் பெயர் கங்காணி. ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயம். நான் பார்த்த இடங்களை மட்டும்தான் வரைவேன், அதுவும் அப்படியே. மலை எந்தப் பக்கம், ஓடை எந்தப் பக்கம், எந்த மோட்டார் ரூமில் கதவு இல்லை, எல்லாம் அளவுப்படி இருக்கும். என் மேல் உள்ள ஒரே தப்பு இந்தத் துல்லியம்தான்.

ஐந்தாவது அத்தியாயத்தில் நம் ஊர் மேற்கே ஒரு மோட்டார் ரூமின் கூரையைக் கங்காணி பிரித்து உள்ளே எட்டிப் பார்ப்பதாக வரைந்தேன். அந்த வாரமே நிஜ யானை வந்து அதே மோட்டார் ரூமைப் பிரித்துவிட்டது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அங்கே வாழைத்தார் வெட்டி வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் நான் வரைந்தேன், அதை மோந்துதான் அதுவும் வந்தது. இருவருக்கும் ஒரே காரணம். இதை வீடு வீடாகப் போய் விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு புண்ணியவான் என் படத்தின் தலைப்பையும் கீழே உள்ள வசனத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, யானையை மட்டும் சம்சாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இந்த வாரம் இங்கிட்டு வருது, உஷார்" என்று எழுதிவிட்டான். அதோடு என் காமிக் யானை எச்சரிக்கையாகிவிட்டது. அடுத்த ஞாயிறு, 'இது முழுக்கக் கற்பனை' என்று பெரிய எழுத்தில் போட்டேன். "கேசு வரக்கூடாதுன்னு அப்பிடிப் போட்ருக்கான், விவரமான பய" என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஆட்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். அடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒச்சம்மாள் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து உட்கார்ந்து, "ஏய்யா, நான் கருது அறுத்து முடிக்கிற வரைக்கும் அத மேலயே நிப்பாட்டிவையி" என்றது. "ஆத்தா, அது கதை. நான் நிப்பாட்டுனா நிஜ ஆனை நிக்காது" என்றேன். "ஒரு வாரந்தானய்யா. ஒம்பேனாவுல மையி கொறஞ்சா போகும்?" "மையே கெடையாது ஆத்தா, இது கரண்டுல ஓடுறது." "அப்ப இன்னும் லேசாப் போச்சுல்ல?" என்று எழுந்து போய்விட்டது. பழத்தைத் திருப்பி வாங்கவே இல்லை. நூர் முகம்மது பாய் அதற்கு நேர் எதிர். மெஷினுக்குக் கீழே படுத்து பெல்ட் மாற்றிக்கொண்டிருக்கும்போது என் காலைத் தட்டி, "தம்பி, ஆனை மலையில ஏலச்செடிய மிதிச்சு நாசம் பண்ற மாதிரி ரெண்டு வாரம் போடேன். ஏலத்துல வெல கொஞ்சம் எந்திரிக்கட்டும்" என்றார். "பாய், கதையில அதுக்கு எடமில்ல" என்றேன். "எடமில்லேன்னா என்னாப்பா, மலை அம்புட்டுப் பெருசாக் கெடக்குல்ல" என்றார். ஒருத்தருக்காகவும் நான் ஒரு கோடுகூட மாற்றவில்லை மாமா. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி முனியசாமி அண்ணன் கதை. அடிவாரத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேட்டும் டார்ச் லைட்டும் கொடுத்துக் காவலுக்குப் போட்டிருக்கும் மனுஷன். உங்கள் தோப்பும் அவர் காவலில்தான் இருக்கிறது. போன மாதம் கங்காணி குரங்கணிப் பக்கம் காட்டுக்குள் தூங்குவதாக ஓர் அத்தியாயம் போட்டேன். கதைக்கு நடுவில் ஓர் ஓய்வு வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். முனியசாமி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, வேட்டுப் பையைப் பரணில் போட்டுவிட்டு, பொண்டாட்டி ஊருக்கு விருந்துக்குப் போய்விட்டார். நிஜ யானை இறங்கி ஒச்சம்மாளின் சோளத்தில் பாதியைத் தின்றுவிட்டது. மறுநாள் ஊர்க் கூட்டம். நான் அவர் மேல் பாய்ந்து, "காவல்காரரு நீங்களா, நானா?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்து எல்லாருக்கும் காட்டுகிறார்: "நீதான குரங்கணியில படுத்துருக்குன்னு போட்ட? படுத்துருக்க ஆனைய நான் எங்கிட்டுப் போயி வெரட்ட?" கூட்டம் முழுக்க, "அதான, அதான" என்கிறது. ஒச்சம்மாள் எழுந்து, "அன்னைக்கே சொன்னேன், மேல நிப்பாட்டுன்னு. பழத்த மட்டும் தின்னுட்டான்" என்றது. அன்றைக்கு எனக்காகப் பேச ஒரு ஆள் இல்லை. அப்பாவே கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் நீங்கள் என்னை பிளாக் செய்தீர்கள், அம்மாவிடம், "அவன் படம் போடுறத நிப்பாட்டுற வரைக்கும் ஒன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொன்னீர்கள். அம்மா இப்போது என் பக்கமும் பேசுவதில்லை, உங்கள் பக்கமும் பேசுவதில்லை, மாட்டோடு மட்டும்தான் பேசுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி மாமா. இங்கே நிறுத்தினால் நீங்கள் பந்தியில் சொன்னது சரியாகிவிடும், கோழிக்கு இன்னொரு பெட்டி கிடைத்துவிடும். இத்தனை மாதம் வேலை முடிந்து வந்து, முதுகு வலிக்க உட்கார்ந்து, வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தது அதற்கில்லை. 'இடத்தை மாத்து, பக்கத்துத் தோப்புல வையி' என்றும் சொல்லியனுப்பினீர்கள். முடியாது. மலை முழுக்க ஒரே பார்வையில் தெரிகிற கோணம் உங்கள் தோப்பில்தான் இருக்கிறது. நான் நடந்து பார்த்துவிட்டேன். யானை ஒரு நோஞ்சான் தோப்பில் போய்க் கதையை முடிக்காது.

அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இத்தனை அத்தியாயமும் எல்லார் தோட்டத்திலும் குறை சொன்ன கங்காணி, உங்கள் தோப்புக்குள் வருகிறது. ஒவ்வொரு மரமாகப் பார்க்கிறது. வாய்க்காலைப் பார்க்கிறது, பாத்தியைப் பார்க்கிறது, உரக்குழியைப் பார்க்கிறது. வாயைத் திறக்கிறது, மூடுகிறது. சொல்வதற்கு ஒரு குறையும் அதற்குக் கிடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மலையேறிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் முடிவு. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தோப்புக்காரர் முகத்தை நான் நான்கு நாள் வரைந்தேன், மீசை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. நீங்கள் என்னை என்ன சொன்னாலும் உங்கள் தோப்பைப் பற்றி நான் நினைப்பது அதுதான். மாற்றி வரையச் சொன்னால் பொய்யாகிவிடும்.

பயமும் வேண்டாம். படத்துக்கும் நிஜ யானைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை டிப்ளமோ படித்தவனாக உறுதி சொல்கிறேன். யானைக்கு இன்டர்நெட் கிடையாது. உங்கள் தோப்பில் ஓர் ஓலைகூட அசையாது. சொல்லப்போனால் உங்களுக்கு லாபம்தான், நான் வரைந்தால்தான் முனியசாமி அண்ணன் அன்றைக்கு உங்கள் தோப்பில் விழித்துக்கொண்டு இருப்பார். நாளைக்கு அத்தியாயம் வரும். யார் சொன்னாலும் நிற்காது.

அத்தை கிருபாராணிக்கு என் அன்பான வணக்கம். ஒவ்வொரு ஞாயிறும் முதல் லைக் அவர்களுடையதுதான் என்பதை நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டாம். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் நீங்கள், கோபத்திலும் வாழ்த்துவீர்கள் என்ற நம்பிக்கையில், எதையும் முடிக்கமாட்டான் என்று நீங்கள் சொன்ன,

பிரேம்சிங்.

பி.கு.: இதை ஒட்டும்போது அப்பா நம் வாழைத் தோட்டத்திலிருந்து போன் செய்தார். ஓடைக் கரையில் யானை வந்து நிற்கிறதாம். அடுத்த வாரம் வெட்ட வேண்டிய தார் அத்தனையும் மரத்தில்தான் இருக்கிறது. அம்மா இத்தனை நாள் கழித்து என்னிடம் பேசினார்கள்: "வெரசா அத வேற பக்கம் திருப்பி விடுடா!" அதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா போனில் குசுகுசுவென்று, "ரெண்டு எட்டு உள்ள வச்சிருச்சுப்பா" என்றார். ஒரே ஒரு படம்தான் கூடுதலாக வரைந்தேன் மாமா. அதையும் சேர்த்து, நாளைக்கு வரவேண்டிய அத்தியாயத்தை இப்போதே ஏற்றிவிட்டேன். கங்காணி எங்கள் வாழையைத் தொடாமல் தேவாரம் பாதையில் வேகமாக நடக்கிறது. நிஜ யானையும் அப்படியே நடந்ததா என்று கேட்காதீர்கள், நடந்துவிட்டது. சின்ராசு அண்ணன் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், யானைக்கு முன்னால் கடிதம் வந்து சேர்ந்துவிடும். உங்கள் தோப்பு கேட் திறந்திருப்பதாக வரைந்திருக்கிறேன். தயவுசெய்து நிஜத்திலும் திறந்து வையுங்கள்.