விரதக் காலுக்கு ஒரு கட்டு

சேன் பியேர்,
1934 ஜனவரி 24, புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த கோவிந்தம்மா அத்தைக்கு, காமாட்சி வணங்கி எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்றரை வருஷம் உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் கையால் சாப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தவள், ஊர் திரும்பி ஒரு மாதமாகியும் ஒரு வரி போடவில்லை. இப்போது கஷ்டம் வந்ததும் பேனாவைத் தேடுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் அதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆன்றிதான் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வாசித்தால் உங்கள் சாந்த் குருவா ஊர் முழுக்கக் கேட்கும். தமிழில் எழுதினால் நீங்களே உதட்டை அசைத்து மெதுவாக வாசித்துக்கொள்வீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நான், அம்மா, இரண்டு மாடுகள் எல்லோரும் சுகம். அப்பாவுக்குத்தான் சுகமில்லை. அவரைக் கேட்டால் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் சுகம் என்பார்.

விஷயம் அப்பாவின் கால். நான் பரீட்சையில் தேறினால் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அவர் நேர்ந்துகொண்டது உங்களுக்குத் தெரியும். பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது என்று உங்களோடு சண்டை போட்டு, அன்றிலிருந்து உங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர், அதே படிப்புக்காக முருகனிடம் போய் நின்றார். அது எப்படி என்று கேட்டால், "சாமிகிட்ட பேசறது வேற, உன் அத்தைகிட்ட பேசறது வேற" என்கிறார். பூசம் வருகிற செவ்வாய்க்கிழமை. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் களை பறிக்கும்போது, வெட்டிவிட்ட கரும்பின் அடிக்கட்டை ஒன்று வலது கணுக்காலுக்கு மேலே நாலு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அந்தக் காலோடு அவர் ஆற்றங்கரையிலிருந்து உங்கள் ஊர்க் கோயில் வரை, உச்சி வெயிலில், வெறுங்காலில் நடக்கப் போகிறாராம்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கொதித்து ஆறின தண்ணீரில் கழுவி, சுத்தமான மருந்துத் துணி வைத்து, நான் பட்டணத்தில் வாங்கி வந்த பிளாஸ்திரியை இரண்டு பக்கமும் ஒட்டினேன். மறுநாள் காலையில் துணி ஒரு பக்கம், பிளாஸ்திரி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பார்த்தால் கால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் மினுமினுக்கிறது.

"என்னப்பா இது?"

"பிளாஸ்திரி நல்லா உட்காரட்டும்னு தடவினேன்."

"எண்ணெய் தடவினா வழுக்கத்தானேப்பா செய்யும்?"

"அது உங்க ஆஸ்பத்திரி எண்ணெய். இது நம்ம வீட்டு எண்ணெய்."

(அப்பா சொன்னதில் பாதி கிரியோல் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் தமிழாக்கியே எழுதுகிறேன்.)

சரி, எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, தோல் நன்றாக உலர்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும், ஈரத்திலும் வியர்வையிலும் ஒட்டினால் நிற்காது, நின்றாலும் உள்ளே தோல் வெந்துவிடும் என்று சிஸ்டர் ஜெனெவியேவ் எங்களுக்குச் சொன்னதை நான் அப்படியே அவருக்குச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேனோ, "என்ன முணுமுணுக்கிறே, ஜெபமா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். பிளாஸ்திரிச் சுருளை வெயில் படாத இடத்தில் வையுங்கள் என்று நான் சொன்னது மட்டும் எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. வீட்டிலேயே பத்திரமான இடம் முருகன் படத்துக்கு முன்னால்தான் என்று அங்கே வைத்து, அதன் பக்கத்திலேயே கற்பூரம் ஏற்றியிருக்கிறார். சாயந்திரம் பார்த்தால் சுருள் இளகி, தட்டோடு ஒட்டி, தட்டு பலகையோடு ஒட்டி, அம்மா இன்னும் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் தேறினது அரைச் சுருள்.

அந்த அரைச் சுருளும் வியர்வைக்கு நிற்கவில்லை. நம் தீவின் ஜனவரி வெயில் உங்களுக்குத் தெரியாததா அத்தை, கரும்புக்குள்ளே போனால் காற்றே கிடையாது. ஓரம் பிரிகிறது என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுத் தனராஜ் மாமா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டுகிறவர், அவருக்கு எல்லாத்துக்கும் ஒரு யோசனை இருக்கும். ஆலையிலிருந்து மாட்டுக்கென்று வாங்கி வரும் கறுப்புப் பாகு இருக்கிறதே, அதைப் பிளாஸ்திரி ஓரத்தில் தடவி ஒட்டிக்கொண்டு அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். மதியம் பன்னிரண்டு மணிக்கு அப்பா வரப்பில் ஆடிக்கொண்டே வருகிறார். ஒரு காலைத் தூக்கி, கையை விரித்து, தலையை உதறி உதறி. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஐயோ, பூசத்துக்கு முன்னாலேயே சாமி இறங்கிடுச்சே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வேல் வேல்" என்று சொல்லி, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை எடுத்து ஓடினாள். சாமி இல்லை, அத்தை. எறும்பு. செவ்வெறும்பு.

"தண்ணி ஊத்துடி, தண்ணி!" என்று அப்பா கத்த, "ஊத்தறேன் முருகா!" என்று அம்மா தலையில் ஊற்றுகிறாள். காலில் ஊற்ற வேண்டும் என்று புரிய வைப்பதற்குள் எனக்குக் குரலே போய்விட்டது.

அதோடு விட்டாரா? அன்று சாயந்திரம் நான் கிணற்றடியில் இருக்கும்போது, இனிமேல் விழவே கூடாது என்று மிச்சப் பிளாஸ்திரி அத்தனையும் இழுத்து இழுத்துக் கணுக்காலைச் சுற்றி வளையம் போட்டுவிட்டார். விடிந்தால் பாதம் புளிச்ச மாவு மாதிரி உப்பியிருக்கு. நான் எண்ணெய் கொண்டுவந்து ஓரத்தில் தடவி, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன் (எண்ணெய்க்கு இப்பதான் நேரம் வந்தது என்று சொன்னதில் அவருக்கு ஒரே சந்தோஷம்). அதற்குள் தனராஜ் மாமா, "இதுக்கு எதுக்குக் கல்யாண வேலை மாதிரி இழுத்துக்கிட்டு?" என்று ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. அப்பா போட்ட சத்தத்தில் மாடு கட்டை அறுத்துக்கொண்டது. முடி போயிற்று, மேல்தோலும் போயிற்று. உள்ளே தோல் ஊற வைத்த அரிசி மாதிரி வெளுத்து, சுற்றிலும் பிளாஸ்திரி இருந்த இடமெல்லாம் சிவந்து சிவந்து தடிப்பு. கரும்பு கிழித்தது நாலு விரல். நாங்கள் வைத்தியம் பார்த்துக் கெடுத்தது ஒரு முழம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொடி ஏறிற்று. அன்றிலிருந்து விரதம், தனிப் பாத்திரம், தனிப் பாய். சாயந்திரம் தனராஜ் மாமா பிளாஸ்திரிச் சுருள் இருந்த வெற்று டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "கோபாலு, இந்தப் பசையில மிருகக் கொழுப்பு இருக்குன்னு கடையில பேசிக்கிறாங்க."

"கி எத்தே சா?" என்றார் அப்பா என்னைப் பார்த்து. என்ன இது, வாசி என்று அர்த்தம். நம் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் என்றால் அது நான்தானே. டின்னைத் திருப்பினேன். பொடி எழுத்தில் ரப்பர், பிசின், துத்தநாகம். கடைசியில் ஒரு வரி. பொய் சொல்லியிருக்கலாம். விரதத்தில் இருக்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"ஆட்டு ரோமத்துக் கொழுப்புன்னு போட்டிருக்குப்பா. ஆடு சாகல. ரோமத்தை வெட்டி, கழுவி, அதிலேருந்து எடுக்கிறது."

"கொழுப்புன்னு போட்டிருக்கா, இல்லையா?"

"போட்டிருக்கு."

"அப்ப அது கறிதான்."

"நாலு நாளா உன் கால் கறி தின்னிருக்கு" என்றார் தனராஜ் மாமா.

அப்பா மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, இனிமேல் பூசம் முடியும்வரை பிளாஸ்திரி இந்த வீட்டுப் படி ஏறாது என்றார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தோல் அப்படித் தடித்த பிறகு பிளாஸ்திரியைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல நான் இரண்டு நாளாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆடு வந்து காப்பாற்றிற்று. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, நாடா நாடாவாகக் கிழித்து, அதைத்தான் சுற்றுகிறோம். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. வியர்த்து நனைந்தால் உடனே அவிழ்த்து, கழுவி, அம்மா விசிறியால் விசிறித் தோல் உலர்ந்த பிறகு வேறு துணி. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஆனாலும் சரி. தடிப்பு அடங்கி வருகிறது. வீக்கம் போய்விட்டது. ஆனால் காயம் இன்னும் மூடவில்லை, அத்தை.

செவ்வாய்க்கிழமை ஆற்றில் முழுக்கு. நனைந்த கட்டு, அதன் மேல் புழுதி, கீழே கொதிக்கிற ரோடு, தோளில் பாரம். சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் சொன்னால், "நீ ஒன்றரை வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே. உனக்காக நான் ஒரு நாள் நடக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். எனக்காக வைத்த நேர்த்தியில் அவர் கால் போனால், அந்தச் சர்ட்டிபிகேட்டை நான் எந்தச் சுவரில் மாட்டுவது?

ஆகையால் அத்தை, கோயில் குருக்களிடம் பேசி, ரத்தக்காயம் உள்ளவர் இந்த வருஷம் காவடி எடுக்க வேண்டாம், அடுத்த பூசத்துக்கு எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை அனுப்பச் செய்யுங்கள். முடியாவிட்டால் நீங்களே வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அம்மா உங்களை மிகவும் விசாரித்தாள். ஆன்றியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், ஆனால் எதற்கு எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். உங்கள் முழங்கால் வலிக்கு இரவில் வெந்நீர் ஒத்தடம் மறக்காதீர்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் வீட்டின் மேல் எப்போதும் இருக்கட்டும்.

தங்கள் பாதம் பணியும்,
காமாட்சி

பின்குறிப்பு: அத்தை, மேலே கேட்டதைச் செய்ய வேண்டாம். குருக்களிடம் போக வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அப்பா உள்ளே வந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். அத்தைக்கு, உங்களை நடக்க விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைத் தானே அவிழ்த்து, விசிறி உலர்த்தி, புதுத் துணி சுற்றி, விரலை விட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அக்கா வேண்டாம்னா நான் நின்னுடுவேன். அதான் சொல்றேன், அதைக் கேட்டு எழுதாதே."

காயத்தைச் சுற்றிச் சூடு இல்லை, சிவப்பு இல்லை, ஓரம் கூடி வருகிறது. திங்கட்கிழமை வரை இப்படியே இருந்தால் போகட்டும். காய்ச்சல் கண்டால் நானே வழியில் குறுக்கே படுப்பேன் என்று சொல்லிவிட்டேன், அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். கோயில் சேரும் வரை காவடியைக் கீழே இறக்க மாட்டார். ஊர்வலம் உங்கள் வாசலில் நிற்கும்போது ஒரு முக்காலி போட்டு வையுங்கள். வலது காலை அதில் வைப்பார். நான் ஈரக் கட்டை அவிழ்த்து, உலர்த்தி, புதுக் கட்டுப் போட வேண்டும். அத்தனை பேர் முன்னாலும் செய்துவிடுவேன். அதுவரை அவர் தோளில் காவடியோடு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தனராஜ் மாமா பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார், ஆனால் பேச ஆரம்பித்தால் அவர் கையை விட்டுவிடுவார். அத்தை, இந்தப் பின்குறிப்பைத் தொடங்கியதிலிருந்தே கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருந்தது இதுதான்: அப்பாவின் முழங்கையை நீங்கள் பிடித்துக்கொள்வீர்களா? பேச வேண்டாம். பிடித்துக்கொண்டால் போதும்.